விளையாட்டு ஆர்வமும் முஃமினின் உள்ளமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம். எல்லாப் புகழும் அவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் புனிதக் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

கடந்த ஓராண்டில் இரண்டு தரப்பிலிருந்து நமக்கு இரண்டு கோரிக்கைகள் வந்தன. பெற்றோர் பலர் வந்து, “ஹஜ்ரத், கிரிக்கெட் பார்ப்பதும் செல்போனில் கேம் ஆடுவதும் ஹராம் என்று ஜும்ஆவில் ஒரு முறை சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை” என்றார்கள். இளைஞர்கள் சிலர் வந்து, “ஹஜ்ரத், நாங்கள் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. ஓர் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்வதற்குக்கூட மார்க்கத்தில் இடமில்லையா?” என்று வினவினார்கள். இருவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சொல்லில் விடை கூறினால் இருவருக்கும் அநீதி செய்தவர்களாவோம். அல்லாஹ் ஹராமாக்காத ஒன்றை ஹராம் என்று கூறுவதற்கு மிம்பரில் நிற்பவருக்கு அதிகாரமில்லை. அவ்வாறே, ஹராம் நுழைந்துவிட்ட இடத்தைக் கண்டும் காணாமல் இருப்பதற்கும் அனுமதியில்லை. ஆகவே, இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

மார்க்கம் மகிழ்ச்சிக்குப் பகையன்று

நம் நாயகம் (ஸல்) அவர்களின் மதீனா, விளையாட்டு இல்லாத ஊராக இருக்கவில்லை. குதிரைப் பந்தயங்களை அவர்களே நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓட்டம். அப்பந்தயத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள் என ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. குதிரையின் தகுதிக்கேற்பத் தூரத்தைப் பிரித்து வைத்த அந்த நேர்மையைப் பாருங்கள்! வலியோனையும் எளியோனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடவில்லை.

நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு நாளில் நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அன்றைய தோல்விக்கு இது ஈடாகிவிட்டது என்று வேடிக்கையாகக் கூறினார்கள். இல்லத்தரசியோடு சிரித்துப் பேசுவதற்கே நேரமில்லை எனக் கூறும் நாம், இந்தச் சுன்னத்தையும் சற்று நினைவில் கொள்வது நலம்.

இவையெல்லாம் விளையாடியதற்கு ஆதாரம். பார்த்து ரசித்ததற்கும் ஆதாரம் இருக்கிறது. ஒரு பெருநாள் தினத்தில் அபிசீனியத் தோழர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோளருகே அவர்களை மறைத்து நிறுத்தி, அவர்களாகவே போதும் எனச் சலிக்கும் வரை பொறுமையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவ்விளையாட்டைத் தடுக்கும் எண்ணத்தோடு உமர் (ரலி) அவர்கள் சிறுகற்களை எடுத்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்டவுடன் கல்லெடுக்கும் நிலையில் இருக்கும் பெற்றோர்களே! கையிலுள்ள கல்லைக் கீழே போட்டுவிட்டு மேற்கொண்டு கேளுங்கள்.

அல்லாஹ்வே தந்த அளவுகோல்

அவ்வாறாயின் எல்லை எது? திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்தில் 90, 91 ஆகிய வசனங்கள் மதுவையும் சூதையும் தடை செய்கின்றன. அத்தடைக்கான காரணத்தையும் அல்லாஹ் அங்கேயே விளக்குகிறான். அவற்றின் மூலம் மனிதரிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கவும் ஷைத்தான் நாடுகிறான் என்பதே அவ்வசனத்தின் கருத்து.

இதிலிருந்து நம் விளையாட்டு ஆர்வத்தை அளப்பதற்கு மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. அது நம்மைத் தொழுகையிலிருந்து தடுக்கிறதா? அது மனிதரிடையே பகையை மூட்டுகிறதா? அதில் சூது கலந்திருக்கிறதா? மூன்றுக்கும் “இல்லை” என உண்மையாகவே விடை கூற முடிந்தால், கண்ணியமான முறையில் ஓர் ஆட்டத்தைப் பார்த்து மகிழ்பவரைப் பாவி எனக் கூற நமக்கு உரிமையில்லை. “ஆம்” என ஒரு விடை வந்தாலும், அந்த இடத்தைச் சீர்செய்யாமல் கடந்து செல்ல அவருக்கும் உரிமையில்லை.

முதற்கேள்வி: தொழுகை

2023 ஆம் ஆண்டு ஐ.பி.எல். இறுதியாட்டத்தை இங்குள்ள பலர் மறந்திருக்க மாட்டார்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 29 ஆம் தேதி இரவு அஹமதாபாத்தில் துவங்கியது. மீண்டும் மழை குறுக்கிட்டு, நள்ளிரவைக் கடந்து, ஒன்றரை மணிக்கு மேல்தான் முடிந்தது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன்கள் தேவை. ரவீந்திர ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். சென்னை அணி கோப்பையை வென்றது. நம் தெருவில் எழுந்த ஆரவாரம் பள்ளிவாசல் வரை கேட்டது. அடுத்த மூன்று மணி நேரத்தில் சுபுஹுக்குப் பாங்கு சொல்லப்பட்டது. அன்றைய ஜமாஅத்தின் வரிசை எவ்வாறு இருந்தது என்பதை வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதை ஏளனமாகக் கூறவில்லை. இரவு ஒன்றரை மணி வரை கண் விழிக்கும் வலிமை ஓர் இளைஞனுக்கு இருக்கிறது என்பதற்கு இது சான்று. பத்து வருடங்களுக்கு முந்தைய ஆட்டத்தில் யார் எத்தனை ரன்கள் எடுத்தார் என மனப்பாடமாகக் கூறும் நினைவாற்றல் இருக்கிறது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைக் கைவிடாத விசுவாசம் இருக்கிறது. கண் விழித்தல், நினைவில் ஏந்துதல், கைவிடாதிருத்தல் ஆகிய மூன்றும் பெரும் அமானிதங்கள். மதரஸாவில் குர்ஆனை மனனம் செய்யும் மாணவனுக்குத் தேவைப்படுவனவும் இவையே. அல்லாஹ் கொடுத்த முதல் உங்களிடம் இருக்கிறது. அது முழுவதையும் ஒரே கடையில் செலவழித்துவிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

ஒரு சிறு கணக்கு. 2023 ஐ.பி.எல். பருவத்தில் 74 ஆட்டங்கள் நடைபெற்றன. ஓர் ஆட்டத்திற்கு மூன்றரை மணி நேரம் என வைத்துக்கொண்டால் 259 மணி நேரம். அதாவது, இரண்டே மாதத்தில் இரவு பகலாகப் பத்து நாட்களுக்கும் மேல். ஆனால் ஓர் அணி லீக் சுற்றில் ஆடியவை 14 ஆட்டங்களே. அதற்கு 49 மணி நேரம். நீங்கள் ஓர் அணியின் ரசிகரா, அல்லது திரையின் ரசிகரா? அணியின் ரசிகருக்கு 49 மணி நேரம் போதும். மீதமுள்ள 210 மணி நேரமும் ஆர்வத்தினால் போவதன்று. எழுந்து போக மனமில்லாமையால் போவது. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதரில் அதிகமானோர் ஏமாந்து இழந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஏமாற்றம் என்பது தெரியாமல் இழப்பது. கணக்குப் பார்ப்பவன் எளிதில் ஏமாற மாட்டான்.

2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் இப்போட்டி ரமளான் மாதத்தில் துவங்கியது. ஆட்டம் ஏழரை மணிக்கு. இஷாவும் தராவீஹும் அதையொட்டிய நேரத்தில். தராவீஹை முடித்துவிட்டு இறுதி ஓவர்களைப் பார்த்தவர் எதையும் இழக்கவில்லை. இறுதி ஓவர்களுக்காகத் தராவீஹை விட்டவர், வென்ற அணியைச் சேர்ந்தவராயினும் தோற்றவரே.

இரண்டாம் கேள்வி: பகைமை

ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரியில் இடம்பெறுகிறது. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை ஊக்குவித்து, தாம் இன்ன பிரிவினரின் பக்கம் இருப்பதாகவும் கூறினார்கள். உடனே எதிர்த்தரப்பினர் எய்வதை நிறுத்திவிட்டனர். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என வினவியபோது, தாங்கள் அவர்கள் பக்கம் இருக்கும்போது நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றனர். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் பதிலளித்தார்கள்.

இதைவிடச் சிறந்த பாடம் ஒரு ரசிகனுக்கு வேறு இல்லை. ஒரு பக்கத்தை விரும்புவது இயல்பு, அது குற்றமன்று. ஆயினும் நம் விருப்பம் எதிர்த்தரப்பினரின் கையைத் தளரச் செய்யுமானால், அந்த இடத்தில் நாம் இரு தரப்புக்கும் உரியவர்களாகிவிட வேண்டும். ஆட்டம் நடப்பதற்கே இரு தரப்பும் வேண்டும். எதிரணி இல்லையேல் நம் அணியும் இல்லை.

இதை மறந்தபோது விளைந்தவற்றை உலகம் கண்டிருக்கிறது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் கொலம்பிய வீரர் ஆந்த்ரே எஸ்கோபார், தவறுதலாகத் தம் அணியின் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்டார். பத்து நாட்கள் கழித்து, ஜூலை 2 ஆம் தேதி, தம் சொந்த ஊரான மெதெய்யினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2022 அக்டோபர் 1 ஆம் தேதி, நம் சகோதரர்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், மலாங் பகுதியின் கஞ்சுருஹான் மைதானத்தில் அரேமா அணி, பெர்செபாயா அணியிடம் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. ரசிகர்கள் மைதானத்திற்குள் இறங்கினர். காவல்துறையினர் கண்ணீர்ப் புகைக்குண்டுகளை வீசினர். அச்சத்தில் வாயில்களை நோக்கி ஓடிய மக்கள் நெரிசலில் சிக்கினர். 135 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். மூடிய அரங்கில் புகையை வீசியவர்களின் குற்றம் பெரிது. அத்தோடு இன்னொன்றையும் கவனியுங்கள். மோதல் நேரும் என அஞ்சி, எதிரணியின் ரசிகர்கள் அன்று அனுமதிக்கப்படவே இல்லை. ஆக, அங்கு பகைவர் என ஒருவரும் இல்லை. தோல்வியைத் தாங்க இயலாத உள்ளங்கள் மட்டுமே இருந்தன.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 அக்டோபர் 24 ஆம் தேதி துபாயில் இந்திய அணி பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. பதினொரு பேரும் சேர்ந்து தோற்ற ஆட்டத்தில், முஹம்மது ஷமி ஒருவரை மட்டும் தனியே பிரித்து, அவருடைய மார்க்கத்தைக் குறிவைத்து இணையத்தில் இழித்துரைத்தார்கள். அணித்தலைவர் விராட் கோலி, பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அச்செயலை வன்மையாகக் கண்டித்துத் தம் தோழருக்காகப் பேசினார். நீதிக்காகப் பேசிய அந்த நாவை நாம் பாராட்ட வேண்டும். அன்று நம் உள்ளம் புண்பட்டது. அப்படியானால் வேறொரு வீரர் ஒரு கேட்சைத் தவறவிட்டபோது, அவருடைய தாயையும் குலத்தையும் நிறத்தையும் இழுத்து நாமோ நம் பிள்ளைகளோ ஒரு சொல் எழுதினோமா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நமக்கு வலித்தது பிறருக்கும் வலிக்கும். தட்டச்சு செய்யும் விரலும் நாவைப் போன்றதே. அதன் கணக்கையும் வானவர்கள் எழுதுகிறார்கள்.

மூன்றாம் கேள்வி: சூது

பணத்தைப் பொறுத்தவரை ஃபிக்ஹு நூல்கள் தரும் இலக்கணம் மிகத் தெளிவானது. போட்டியிடுவோர் ஒவ்வொருவரும் தம் பணத்தை வைத்து, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வார் எனில் அது ‘கிமார்’, அதாவது சூது. போட்டியில் பணம் கட்டாத வெளியார் ஒருவர் அன்பளிப்பாகப் பரிசளித்தால் அதில் சூதின் தன்மை இல்லை.

இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். கைபேசியில் அணி அமைத்து, பணம் கட்டி, வென்றால் பன்மடங்கு என ஆசை காட்டியவை யாவும் இதற்குள் அடங்கும். ஐம்பது ரூபாய்தானே என்று துவங்கி, கடனில் மூழ்கியவர்களின் செய்திகளை நாளிதழ்களில் படித்தோம். தமிழக அரசு 2022 இல் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வந்த பிறகே நமக்கு விழிப்பு வர வேண்டியதில்லை. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே தடை வந்துவிட்டது.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. கால்பந்து கேமில், பணம் கொடுத்து மூடிய ‘பேக்’ ஒன்றை வாங்குகிறான் சிறுவன். உள்ளே புகழ்பெற்ற வீரர் இருக்கலாம். யாரும் அறியாத வீரரும் இருக்கலாம். திறந்த பின்னரே தெரியும். 2018 இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு இத்தகையவற்றைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அதன் பின்னர், ஃபிஃபா கேமை வெளியிட்ட நிறுவனம் அந்நாட்டில் அதற்கான புள்ளிகளை விற்பதை 2019 இல் நிறுத்திக்கொண்டது. என்ன கிடைக்கும் என அறியாமல் பணம் கொடுக்கும் வியாபாரத்தை நம் மார்க்கம் ‘ஃகரர்’ எனக் கூறித் தடுத்திருக்கிறது. பிள்ளைகளின் கைபேசியில் உங்கள் வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என இன்றிரவே பாருங்கள்.

இறுதியாக நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பெருநாளை ஒட்டி இளைஞர்கள் நடத்தும் கிரிக்கெட், கால்பந்துப் போட்டிகளில், ஒவ்வோர் அணியிடமும் நுழைவுக் கட்டணம் வசூலித்து, அதையே திரட்டி முதல் பரிசு, இரண்டாம் பரிசு எனக் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நோக்கம் நல்லது, ஆனால் அமைப்பு சூதின் இலக்கணத்திற்குள் விழுந்துவிடுகிறது. இதைச் சரிசெய்வது மிக எளிது. நுழைவுக் கட்டணம் மைதான வாடகைக்கும் பந்துக்கும் தண்ணீருக்கும் நடுவருக்குமான செலவோடு நிற்கட்டும். பரிசுத் தொகையையும் கோப்பையையும் விளையாடாத வியாபாரிகளும் வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்களும் அன்பளிப்பாக வழங்கட்டும். இரண்டு கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். இவ்வளவுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்தால், ஹராம் ஹலாலாகிவிடும்.

கைபேசி விளையாட்டைப் பற்றித் தனியே சில சொற்கள்

தொலைக்காட்சியில் காணும் ஆட்டத்திற்கு முடிவு உண்டு. கால்பந்து 90 நிமிடம். இருபது ஓவர் கிரிக்கெட் இருபது ஓவரில் முடியும். இன்றைய கைபேசி விளையாட்டுகளில் பெரும்பாலானவை முடிவே இல்லாதபடி அமைக்கப்பட்டவை. நாள்தோறும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, வராவிட்டால் இழப்பு, ஒரு பருவம் முடியும் முன்னரே அடுத்த பருவம். இது தற்செயலன்று, விட்டுச் செல்லாதிருக்கும்படி திறமையானவர்கள் அமர்ந்து திட்டமிட்டது. பத்து வயதுச் சிறுவனின் மன உறுதிக்கு எதிரே பெரும் நிறுவனங்களின் அறிவு நிற்கிறது. ஆகவே அவனைத் திட்டுவதற்கு முன் அவன்மீது இரக்கம் கொள்ளுங்கள்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று. 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜி, 2021 இல் அதன் இந்திய வடிவமாக வந்த பி.ஜி.எம்.ஐ. போன்றவற்றில் நூறு பேர் வரை ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை நீடிக்கும். நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. நால்வர் ஓர் அணி என்பதால் ஒருவன் எழுந்து சென்றால் மற்ற மூவரும் நட்டமடைவர். எனவே பாங்கு சொன்ன பிறகு, “போனை வைத்துவிட்டு வா” என உரக்கக் கூவும்போது, உங்கள் பிள்ளை உங்களை மதிக்காமல் இருக்கிறான் என்பதைவிட, தோழர்களுக்குக் கொடுத்த வாக்கில் சிக்கியிருக்கிறான் என்பதே உண்மையாக இருக்கலாம். தீர்வு ஆட்டத்தின் நடுவில் இல்லை, துவக்கத்தில் இருக்கிறது. இளைஞர்களே, ஆட்டத்தைத் துவங்கும் முன் தொழுகை நேர அட்டையைப் பாருங்கள். பாங்குக்கு அரை மணி நேரம் இல்லையெனில் துவங்காதீர்கள். நால்வருக்கும் இதை விதியாக்கிக்கொண்டால் ஒருவர் மற்றவருக்கு நன்மையை நினைவூட்டியவராகவும் ஆவீர்கள்.

இதில் ஆர்வம் வேறு, நோய் வேறு என்பதையும் பிரித்தறிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் ‘கேமிங்’ கோளாற்றையும் சேர்த்திருக்கிறது. அது கூறும் அடையாளங்கள் மூன்று. விளையாடுவதன் மீது கட்டுப்பாடு இல்லாமற்போதல். வாழ்வின் மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல். தீங்கு நேர்வது தெரிந்தும் தொடர்தல். பொதுவாக ஓராண்டுக் காலமேனும் இவை நீடித்து, படிப்பும் உறவும் பாதிக்கப்படும்போதே அதை நோய் என்கின்றனர். விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஆடும் பிள்ளை நோயாளி அல்லன். இம்மூன்று அடையாளங்களும் தெரிந்தால் அடிப்பதாலும் கைபேசியை உடைப்பதாலும் பயனில்லை. தயக்கமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்வதும் சுன்னத்தே.

அத்தோடு ஒரு கேள்வியைப் பெற்றோரிடமே கேட்க விரும்புகிறோம். கைபேசியைப் பிடுங்கிய பிறகு அந்தக் கையில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்? அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே அவன் ஓடி விளையாட இடம் இருக்கிறதா? காயல்பட்டினத்து மக்கள் மௌலானா அபுல்கலாம் ஆசாத் அவர்களின் நினைவாகக் கால்பந்துப் போட்டியை நெடுங்காலமாக நடத்தி வருகிறார்கள். மைதானம் இருக்கும் ஊரில் பிள்ளைகளை வெளியே அழைப்பது எளிது. மைதானம் இல்லாத தெருவில், கைபேசியே பிள்ளையின் மைதானமாகிவிடுகிறது.

வெற்றியும் தோல்வியும்

இம்மூன்று கேள்விகளையும் கடந்து, உள்ளத்தின் ஆழத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்களிடம் ‘அள்பா’ என்றோர் ஒட்டகம் இருந்தது. எந்த ஒட்டகமும் அதை முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தத்தை அளித்தது. அவர்களின் முகங்களில் அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், உலகில் உயர்ந்துவிடும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள்.

சிந்தியுங்கள்! அத்தோழர்களும் ஒரு வகையில் ரசிகர்களே. அவர்கள் நேசித்ததோ அல்லாஹ்வின் தூதருடைய ஒட்டகத்தை. அதுவே தோற்றது. தோல்வியால் வருந்தியதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கடியவில்லை. வருத்தத்தை ஒரு படிப்பினையாக மாற்றிக் கொடுத்தார்கள். அத்தூதரின் ஒட்டகத்திற்கே இதுதான் நியதி எனில், நாம் நேசிக்கும் அணி எம்மாத்திரம்?

இதே நியதியை 2025 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் கண்டோம். ஆகஸ்ட் 3 ஆம் தேதி முஹம்மது சிராஜ், ஹாரி புரூக் அடித்த பந்தைப் பிடித்துவிட்டு எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டார். அப்போது 19 ரன்களில் இருந்த புரூக் 111 ரன்கள் எடுத்தார். ஆட்டமே கைவிட்டுப் போனதாக எண்ணி அவரை நொந்துகொண்டவர் பலர். மறுநாள் காலை அதே சிராஜ் கடைசி விக்கெட்டை வீழ்த்தி, அந்த இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளை நிறைவு செய்தார். இந்தியா ஆறு ரன்களில் வென்றது. நொந்துகொண்டவர்களே கொண்டாடினார்கள். மக்களின் புகழும் இகழும் ஓர் இரவுகூட நிலைக்காதவை. அதன்மீது தன் வாழ்வைக் கட்டுபவன் மணலில் கட்டுகிறான்.

2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அணி, ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வென்று, அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் முதன்முதலாக அரையிறுதிக்குச் சென்றது. வெற்றி பெற்றபோது வீரர்கள் மைதானத்தில் ஸஜ்தாச் செய்தனர். வீரர்களுள் சிலர் தம் தாயிடம் ஓடிச் சென்று மகிழ்ந்ததை உலகமே கண்டது. அரையிறுதியில் பிரான்ஸிடம் தோற்றார்கள். தோற்ற பின்னரும் ஸஜ்தாச் செய்தார்கள். வென்ற நாளின் ஸஜ்தாவைவிடத் தோற்ற நாளின் ஸஜ்தாவே நமக்கு அதிகம் கற்பிக்கிறது.

நம் வேண்டுகோள்கள்

இளைய நண்பர்களே! உங்கள் ஆர்வத்தை அணைத்துவிட நாம் வரவில்லை. அதன் உரிமையாளர் யார் என்பதை மட்டும் சோதித்துப் பாருங்கள் என்கிறோம். அதற்கு நாள்தோறும் ஐந்து முறை பள்ளிவாசலிலிருந்து வாய்ப்பு வருகிறது. பாங்கு கேட்டதும் எழ முடிந்தால் விளையாட்டு உங்களுக்கு உரியது. எழ முடியாவிட்டால் நீங்கள் விளையாட்டுக்கு உரியவர்களாகிவிட்டீர்கள்.

பெற்றோர்களே! தடுப்பதற்கு முன் அருகில் அமர்ந்து அரை மணி நேரம் பாருங்கள். பிள்ளை நேசிப்பது எது என்று அறியாதவரின் உபதேசம் பிள்ளையின் காதோடு நின்றுவிடும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். வருகின்ற பெருநாள் போட்டியின் பரிசுகளை அன்பளிப்பாக வழங்க முன்வருவோரின் பட்டியலை இக்கூட்டத்திலேயே துவங்குங்கள். போட்டி அட்டவணையைத் தொழுகை நேரங்களுக்கு ஏற்ப அமைத்து, மைதானத்திலேயே ஜமாஅத் நடத்த விரிப்புகளுக்கும் ஒளூச் செய்யத் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்யுங்கள். நம் பெண் மக்கள் தங்களுக்குரிய மறைவான இடத்தில் ஓடவும் விளையாடவும் வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஓடி வென்றதை மேடையில் கூறிவிட்டு, நம் பெண்களுக்கு ஓட ஓரிடம் இல்லாமல் வைத்திருப்பது பொருந்தாது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களுக்கும் விரல்களுக்கும் நாவுகளுக்கும் நீயே பாதுகாவலனாக இருப்பாயாக! அவர்களின் மகிழ்ச்சியை ஹலாலாகவும், ஆர்வத்தை அளவோடும், உடலை ஆரோக்கியமாகவும் ஆக்கிவைப்பாயாக! சூதினால் சிதைந்த குடும்பங்களுக்கு மீட்சியைத் தருவாயாக! வென்றபோது கர்வமும் தோற்றபோது வெறுப்பும் எங்கள் உள்ளங்களை ஆளாமல் காப்பாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.